தேராமல் ஒப்படைத்த பணி

வினைக்குரிய ஆளைத் தேரும் முறையை வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்', 'தெரிந்து வினையாடல்' என ஈரதிகாரங்களில் வகுத்துரைத்தார். பெரும்பொருள் செலவிட்டுக் கணினி அமைப்புகளைச் செய்வித்து வாங்கும் அரசுகளுக்கும் அந்நெறி உரியதே. அதை மறந்தால் என்ன நேரும் என்பதற்கு ஆத்திரேலிய நாட்டின் குயின்சுலாந்து மாநிலமே சான்று.

அம்மாநில அரசு 2007 திசம்பரில், தன் துறைகளுக்கான கணினி அமைப்புகளை உருவாக்கும் தலைமைப் பொறுப்பை ஐ.பி.எம். நிறுவனத்திடம் ஒப்படைத்தது. போட்டியிட்ட அக்செஞ்சர், உலோசிக்கா நிறுவனங்கள் தேர்வாகவில்லை. நலவாழ்வுத் துறையின் பழைய சம்பள அமைப்பை மாற்றுவது முதன்மைப் பணிகளுள் ஒன்று. அதற்குப் பேசிய விலை ஏறத்தாழ 62 இலக்கம் ஆத்திரேலியத் தாலர். அத்துறையிலோ ஏறத்தாழ 80,000 பணியாளர். 200-க்கு மேற்பட்ட படிகள். ஏறத்தாழ 24,000 வகைச் சம்பளக் கணக்குகள்! இத்தனை சிக்கலையும் எழுத்தில் வரையறுத்த பின்னரன்றோ விலை பேசியிருத்தல் வேண்டும்? அவ்வாறு செய்தாரல்லர். பணி தொடங்கிய பின்னரும் தேவைகள் மாறிக்கொண்டே இருந்தன.

2010 மார்ச்சில் அமைப்பு இயங்கத் தொடங்கியது. செவிலியரும் பிறரும் ஆயிரக்கணக்கில் குறைவாகவோ மிகையாகவோ சம்பளம் பெற்றனர். சிலர்க்கு ஒன்றுமே வரவில்லை. பிழைகளைத் திருத்தவே நூற்றுக்கணக்கானோரை அமர்த்த நேர்ந்தது. மொத்தச் செலவு 120 கோடித் தாலரை எட்டும் எனப் பின்னர்க் கணக்கிட்டனர்.

2013-இல் இதனை ஆராய்ந்த இரிச்சர்டு செசுட்டர்மன் ஆணையம் கண்ட அடிப்படைக் குறைகள் இரண்டு: தேவையற்ற விரைவு, அரசு அலுவலரின் கருத்தின்மை. வழங்குநரைத் தேர்ந்ததிலும், பணியின் எல்லையை வகுத்ததிலும், பின்னர் நிறுவனத்தோடு இணக்கம் செய்ததிலும் இவ்விரண்டுமே படிந்திருந்தன. 2010-இல் செய்த அவ்விணக்கத்தால் அரசு தன் உரிமைகளையும் இழந்தது. பின்னர் அது வழக்குத் தொடுத்தபோது, அவ்விணக்கம் நிறுவனத்தை விடுவித்துவிட்டது என்றே 2015-இல் அம்மாநில உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது.

விற்பவன் தன் பொருளைப் புகழ்வான். அஃது அவன் தொழில். ஆராய்ந்து கொள்வது வாங்குவோன் கடன். தனக்கு வேண்டுவது இன்னதென்று அறியாதவன், யாரிடம் வாங்குவது என்பதை எங்ஙனம் அறிவான்?

எனவே, தேவையை முதலில் எழுதுக. நிறுவனத்தின் பெயரை நோக்காது, இதையொத்த பணியை அது முன்னர் எங்கே முடித்தது என வினவுக; அங்கே சென்று பயன்படுத்துவோரிடமே கேட்டறிக. ஒரு சிறு பகுதியை வெள்ளோட்டம் விட்டுப் பார்த்த பின்னரே முழுப்பணியை ஒப்படைக்க. பிழை நேரின் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே ஐயமற வரைக.

இவற்றுக்குச் சில திங்கள் கூடுதலாகும். ஆகட்டும்! விரைந்து தேர்ந்தவர்களின் பிழைக்கு விலை கொடுத்தவர்கள், இரவெல்லாம் நோயாளியர் அருகே விழித்திருந்தும் கூலி பெறாத செவிலியரும், வரிசெலுத்திய பொதுமக்களுமே!