கடைசித் தாள்

லெண்டிங் லைப்ரரியில் எடுத்த துப்பறியும் கதையில் கடைசித் தாள் கிழிந்திருந்தால் என்ன செய்வோம்? முன்னால் எடுத்துப் போனவனைத் திட்டுவோம். 1851-இல் லண்டன் விமர்சகர்களுக்கு அந்த ஆறுதலும் இல்லை. தாள் குறைகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

ஹெர்மன் மெல்வில்லின் 'மோபி டிக்' அந்த அக்டோபரில் 'தி வேல்' என்ற பெயரில் லண்டனில் மூன்று பாகங்களாக வந்தது. அதில் முடிவுரை விடுபட்டுப் போயிருந்தது. திமிங்கிலம் மோதிக் கப்பல் மூழ்குகிறது. நண்பனுக்காகச் செய்த சவப்பெட்டியைப் பற்றிக்கொண்டு கதைசொல்லி இஷ்மாயேல் மட்டும் பிழைக்கிறான். அவன் பிழைத்த சேதி அந்த முடிவுரையில்தான் இருக்கிறது. அது இல்லையென்றால் எல்லோரும் ஜலசமாதி. பிறகு இந்தக் கதையை யார் வந்து சொன்னது? 'ஸ்பெக்டேட்டர்' இதைக் குறையாக எழுதியது. 'அத்தீனியம்' முடிவு சொதப்பல் என்றது. கற்பனையையும் தகவலையும் கண்டபடி கலந்த கலவை என்றும் சாடியது.

இவர்களைக் கேலி செய்வது இப்போது வழக்கமாகிவிட்டது. எனக்கு மனம் வரவில்லை. கையில் இருந்த புத்தகத்தைப் படித்தார்கள், நியாயமான கேள்வியைக் கேட்டார்கள். தகவல் குவியல் என்ற புகாருக்கும் முடிவுரைக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் திமிங்கில வகைகளை அடுக்கும் அத்தியாயத்தை முதல் வாசிப்பில் நானும் தாண்டித்தான் போனேன்.

என் கோபமெல்லாம் 'பாஸ்டன் போஸ்ட்' மேல். நவம்பரில் நியூயார்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் வெளியிட்ட பதிப்பில் முடிவுரை ஒழுங்காக இருந்தது. அதைத் திருப்பிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? புத்தகத்தில் ஏறக்குறைய பாதி படித்தாயிற்று, 'அத்தீனியம்' சொன்னது சரிதான் என்று எழுதிவிட்டது அந்தப் பத்திரிகை. பாதிதான் படித்தேன் என்று ஒப்புக்கொண்ட நேர்மையை வேண்டுமானால் பாராட்டலாம்! இலக்கியமாகவும் சரி, அச்சடித்த காகிதமாகவும் சரி, கேட்கிற விலைக்குப் பெறாது என்பது அதன் தீர்ப்பு. விலை ஒன்றரை டாலர்.

மெல்வில் பிற்பாடு நியூயார்க் சுங்கத் துறையில் 19 வருடம் உத்தியோகம் பார்த்தார். 1891-இல் இறந்தார். நாவலுக்கு மறுவாழ்வு வந்தது 1919-இல் அவருடைய நூற்றாண்டை ஒட்டித்தான். அமெரிக்கப் பதிப்பால் வாழ்நாளில் அவர் கண்ட வரும்படி 556 டாலர் 37 சென்ட்.