ஹடப்சரிலும் தயாராகாத தடுப்பூசி
புதுதில்லி: புனேயின் ஹடப்சரில் உள்ள சீரம் நிறுவனம் 2021 ஜனவரியில் கோவிஷீல்டு தடுப்பூசியை நாடெங்கும் அனுப்பியது. 1983இல் கண்டறியப்பட்ட எச்.ஐ.வி.க்கு எங்கும் தடுப்பூசி இல்லை.

நோய் எதிர்ப்புப் படையை ஏவும் சி.டி.4 செல்களுக்குள்ளேயே புகுந்து, அவற்றின் டி.என்.ஏ.வில் தன்னை எழுதிவிடுகிறது இக்கிருமி. தோலிலும் சளிச்சவ்விலும் காவல் நிற்கும் லாங்கர்ஹான்ஸ் செல்கள் கிருமியைப் பிடித்து அழிப்பவைதாம். கிருமி மிகுந்தாலோ, காவலரே அதைச் சி.டி.4 செல்களிடம் கொண்டு சேர்த்துவிடுகின்றனர்!

புனேயில் 2005இலும் சென்னையில் 2006இலும் தொடங்கிய முதற்கட்டச் சோதனைகள் கனியவில்லை. 2025 மே மாதம் அமெரிக்க அரசோ, இரு பெரும் தடுப்பூசி ஆய்வுக் கூட்டமைப்புகளுக்கு நிதியை நீட்டிப்பதில்லை என முடிவெடுத்தது. கைவசமுள்ள வழிகளே போதும் என்பது அதன் வாதம். இது ஏற்கத்தக்கதன்று. இந்தியா 2004 முதல் இலவசமாக வழங்கும் கூட்டு மருந்து கிருமியை அடக்கும். செல்லுக்குள் எழுதப்பட்டதை அழிக்காது. மருந்தை நிறுத்தினால் கிருமி மீண்டும் பெருகும். எனவே அச்செலவு மத்திய பட்ஜெட்டில் ஆண்டுதோறும் தொடரும்.