சாரீரம் தளர்ந்த பின்

ஆபெரா என்னும் ஐரோப்பிய இசை நாடகத்தில் சாரீரம் தளர்ந்தால் எல்லாம் போயிற்று என்பர். மரியா காலாஸ் அம்மையாருக்கு 1964-ல் வயது நாற்பதே. ஆயினும் மேல் ஸ்தாயியில் குரல் நடுங்கலாயிற்று. உடல் இளைத்தது காரணமா, ஓயாத உழைப்பா என்று வாதிடுவோர் இன்றும் உளர். அவ்வாண்டு லண்டன் காவெண்ட் கார்டன் அரங்கில் அவர் நடித்த ‘டோஸ்கா’வின் இரண்டாம் அங்கம் படமாக்கப்பட்டிருக்கிறது. மதுக் கிண்ணத்தை நாடிய கதாநாயகி மேஜைமீது கத்தியைக் காணும் கட்டத்தைக் கவனியுங்கள்: குரலின் குறை நம் நினைவிலேயே எழவில்லை. அசைவு அனைத்தும் இசையிலிருந்தே பிறக்கவேண்டும் என்பது அவர் கைக்கொண்ட நெறி. அந்நெறி அவர் குரலைக் காக்கவில்லை என்பது மெய்யே. 1965-ல் அதே நாடகத்தோடு ஆபெரா மேடையை விட்டு விலகினார். ஆனால், குரல் குன்றிய நாளிலும் கலை குன்றாது காத்தது அதுவே அன்றோ? சாரீரம் இயற்கை தந்தது. அதனை இயற்கையே திரும்பப் பெறும். பயின்று பெற்றதோ நம்முடையது.