மாற்றம் கண்டால் போதுமா?

திருவரங்கத்துக் கோயிலை அறியாதார் நம் கல்லூரியில் இரார். ஒன்றினுள் ஒன்றாய் ஏழு திருச்சுற்றுகள்! கணிப்பொறித் திரையில் நாம் காணும் இணையப் பக்கமும் அவ்வாறு அமைந்ததே. பகுதிக்குள் பத்தி, பத்திக்குள் சொல் என்று கிளைவிட்டு நிற்கும் அமைப்பு அது. எனவேதான் அதனை ஆவண மரம் என்கிறோம்.

கோயில் கட்டிய நாளோடு நின்றுவிடவில்லை. நெடுங்காலம் குறையாய் நின்ற தெற்குக் கோபுரம் 236 அடி இராஜகோபுரமாகிக் குடமுழுக்குக் கண்டது 1987-இல் அன்றோ? முன்னாளில் நடந்த திருப்பணிகளையும் கொடைகளையும் சொல்லக் 'கோயிலொழுகு' இருக்கிறது. நொடிக்கு நொடி மாறும் இணையப் பக்கத்துக்கும் ஓர் ஒழுகு வேண்டாமா?

2000-இல் அதற்கு ஒரு முறை வகுத்தார்கள். ஒவ்வொரு சிறு மாற்றத்துக்கும் வேலை நின்று, உடனே அறிவிப்புப் போகும். கல் ஒன்று வைத்ததும் கொத்தனார் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தால் மதில் எப்போது எழும்? பக்கங்கள் தள்ளாடின. 2012 முதல் உலாவிகளில் இடம்பெறத் தொடங்கிய 'மியூட்டேஷன் அப்சர்வர்' அக்குறையைப் போக்கிற்று. கையிலுள்ள வேலை முடிந்தபின், மாற்றங்களைத் தொகுத்து ஒரே பட்டியலாகத் தருகிறது. எந்தச் சுற்றைக் காவல் காப்பது, எதைக் கவனிப்பது என்பதையும் நாமே வரையறுக்கலாம். பழைய முறையைக் குரோம் உலாவி 2024-இல் கைவிட்டது.

ஆனால் கவனித்தால் மட்டும் போதுமா? பார்வையற்ற என் நண்பர் ஒருவர், திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடு பயில்பவர். உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை நிரப்பி அனுப்பினார். பக்கத்தின் மேலே சிவப்பெழுத்தில் பிழைச் செய்தி தோன்றியது. கணிப்பொறியோ வாய் திறக்கவில்லை! போய்ச் சேர்ந்தது என்று நம்பி எழுந்துவிட்டார். கடைசி நாள் கழிந்த பிறகே உண்மை தெரிந்தது.

அப்பக்கத்தை எழுதியவர் மாற்றத்தை அறியாதவரல்லர். செய்தியைத் தோன்றச் செய்தவரே அவர்தாம். யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதைத்தான் மறந்தார். செய்தி வரும் இடத்துக்கு 'ஏரியா-லைவ்' என்னும் குறிப்பை முன்கூட்டியே இட்டிருந்தால், மென்பொருள் அதனை உரக்கப் படித்திருக்கும். ஒரு சொல் செலவு. ஓர் ஆண்டுப் படிப்புச் செலவு வரவு!

கணிப்பொறி பயிலும் தோழர்களே! நாளை பக்கங்களை எழுதப் போகிறவர்கள் நீங்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை கண்களை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். அது பேசவில்லை என்றால், வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள்.