அடைகாக்கும் இடம்



பொங்கல் விழாவில் சங்க நண்பர் ஒருவர் கேட்டார்: "பெண்ணை டாக்டர் பட்டம் வரை படிக்க வைத்துவிட்டு, கைநிறையச் சம்பளம் வரும் வேலையை விட எப்படி சார் சம்மதித்தீர்கள்?" அன்று சிரித்து மழுப்பினேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

மகள் இரண்டு தோழியருடன் சிறு உயிரியல் கம்பெனி தொடங்கியிருக்கிறாள். இடம், நம் பெங்களூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 2009 முதல் இயங்கும் 'சி-கேம்ப்'. தொழில் அடைகாப்பகம் என்கிறார்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளைத் தனியாள் வாங்க முடியுமா? அங்கே கட்டணம் செலுத்திப் பயன்படுத்தலாம். சந்தேகம் வந்தால், பக்கத்திலேயே தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள்.

கிரண் மஜும்தார் ஷா 1978-ல் இதே ஊரில் பயோகானை ஒரு கார் கொட்டகையில் பத்தாயிரம் ரூபாயில் தொடங்கியபோது இந்த வசதி ஏது? இன்று, 2012-ல் மத்திய அரசு அமைத்த 'பைராக்' நிறுவனம் தேர்வு பெறும் யோசனைக்கு 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. கடன் அல்ல, மானியம்.

கவலை இல்லாமல் இல்லை. புதிய மருந்து ஒன்று சோதனைகளைக் கடந்து கடைக்கு வரப் பத்தாண்டுக்கு மேலும் ஆகலாம். மானியமோ ஒன்றரை ஆண்டில் தீர்ந்துவிடும். பல கம்பெனிகள் நடுவழியில் மூடப்படும். வரன் பேச வருபவர்கள், "நிரந்தர வேலைதானே?" என்று கேட்கிறார்கள். இரவில் எனக்கும் தூக்கம் வருவதில்லை.

ஆனால் 1983-ல் தகரப் பெட்டியோடு இந்த ஊரில் இறங்கிய என்னை, அல்சூரில் ஒண்டுக்குடித்தனம் இருந்த பெரியப்பா எட்டு மாதம் வைத்துச் சோறு போட்டார். வேலை கிடைக்குமா என்று உத்தரவாதம் கேட்கவில்லை. அந்தத் திண்ணை இல்லாவிட்டால் அடுத்த ரயிலிலேயே ஊர் திரும்பியிருப்பேன். நம்மில் பலர் அப்படித்தானே காலூன்றினோம்? நாம் பெற்றதை நம் பிள்ளைகளுக்கு மறுப்பது நியாயமா?

என் சேமநிதியை நான் தரவில்லை; அது எங்கள் முதுமைக்கு. மூன்றாண்டு சாப்பாடும் அறையும் தருகிறேன், அதற்குள் நிலைக்காவிட்டால் தலைகுனிவின்றி வேறு வேலை தேடிக்கொள் என்றேன். ஒப்புக்கொண்டாள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இப்படித் தொழில் தொடங்கும் இளைஞர்களுக்குக் கணக்கு எழுதவும் வரி கட்டவும் தெரிவதில்லை. நம்மிடம் ஓய்வு பெற்ற கணக்கர்களும் கொள்முதல் அதிகாரிகளும் நிறைய. மாதம் ஒரு ஞாயிறு, நூலக அறையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கலாமே. முதல் ஞாயிறுக்கு நான் வருகிறேன்.