ஆடவரின் சிறுநீர்த் தொல்லையும் ஊழியர் கடமையும்

ஐம்பது வயதைக் கடந்த ஆடவர் பலர் இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகின்றனர். தாரை மெலிந்து, நின்று நின்று வருகிறது. கழித்த பின்னும் சொட்டுகிறது. இதனை அவர்கள் வீட்டாரிடமும் கூறுவதில்லை, மருத்துவரிடமும் கூறுவதில்லை. முதுமையின் இயல்பென்றும் உடற்சூடென்றும் எண்ணி ஆண்டுகளைக் கழிக்கின்றனர். தொல்லைக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக் கொள்வோரும் உளர்.

இவ்வெண்ணத்தில் பாதி உண்மை உண்டு. அப்பாதி உண்மையே தீங்கு விளைக்கிறது. சிறுநீர்ப்பையின் அடியில், சிறுநீர் வெளிவரும் குழாயைச் சூழ்ந்து அமைந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. இளைஞரிடத்தில் ஏறக்குறைய 20 கிராம் எடையுள்ள இச்சுரப்பி வயது ஏற ஏறப் பருக்கிறது. அறுபது வயதை எட்டிய ஆடவருள் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் இவ்வளர்ச்சி காணப்படும். இது புற்றுநோயன்று. ஆயினும் வழி குறுகுவதால் பை முற்றிலும் காலியாகாமல் நீர் தேங்கக்கூடும். தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன, கற்கள் உண்டாகின்றன, நாளடைவில் அழுத்தம் மேலேறிச் சிறுநீரகங்களையும் கெடுக்கலாம். பை நிரம்பி வழிவதையே, நீர் நன்றாகப் பிரிவதாக வீட்டார் தவறாகக் கருதுவதும் உண்டு.

மேலும், நீரிழிவு, குழாய்ச் சுருக்கம், கல், காசநோய், புற்றுநோய் ஆகியவையும் இவற்றையொத்த குறிகளைக் காட்டவல்லன. எது எதுவென்று பரிசோதனையின்றிப் பிரித்தறிய இயலாது. ஆகவே, சில வாரங்களுக்கு மேல் நீடிக்கும் தொல்லைக்கு மருத்துவரை நாடுவதே அறிவுடைமை.

நாடினால் பயன் உண்டா என்று ஐயுறுவோர்க்கு வரலாறே விடை கூறும். இந்திய மருத்துவப் பணியில் பல்லாண்டுகள் இருந்து தாயகம் திரும்பிய பீட்டர் ஃபிரேயர் என்னும் அறுவை மருத்துவர், 1900-ஆம் ஆண்டு லண்டனில் வயிற்றின் வழியே இச்சுரப்பியை அகற்றும் முறையைக் கையாண்டு புகழ் பெற்றார். இன்றோ பெரும்பாலோர்க்கு அறுவையே தேவைப்படுவதில்லை. சிறுநீர், இரத்தச் சோதனைகளும், ஒலியலைப் படமும், மருத்துவர் விரலால் செய்யும் சிறு சோதனையும் நிலைமையைப் பெரிதும் தெளிவாக்கும். குழாயின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்துகள் சில நாட்களிலேயே குணம் தரலாம். சுரப்பியைச் சுருக்கும் மருந்துக்கு ஆறு மாதம் வரை பொறுத்திருத்தல் வேண்டும். அறுவை தேவைப்படினும், வயிற்றைக் கீறாமல் சிறுநீர்க் குழாயின் வழியே கருவியைச் செலுத்திச் செய்யும் முறை பரவலாக உள்ளது.

மருந்து உண்டு, மருத்துவரும் உளர். இல்லாதது கேள்வி ஒன்றே. முப்பது வயதுக்கு மேற்பட்டோரை நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சோதிக்கும் திட்டம் நாடெங்கும் நடைபெறுகிறது. அவ்வேளையில், "இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்? நீர் தடையின்றிப் பிரிகிறதா?" என்று முதியவரிடம் கேட்பதால் ஊழியருக்குச் சுமை மிகுந்துவிடாது. வீடு வீடாகச் செல்லும் ஆஷா ஊழியர் அனைவரும் பெண்டிர். அவர்களிடம் இதனை உரைக்க முதியவர் நாணுவது இயல்பே. எனவே ஆண் சுகாதாரப் பணியாளரும், ஊரில் மதிப்புடைய ஆசிரியரும் இப்பொறுப்பை ஏற்றல் தகும். கேட்பவர் நாணாது கேட்டால், சொல்பவரும் நாணாது சொல்வார்.

சில குறிகளுக்குத் தாமதம் ஆகாது. நீர் அடியோடு அடைபடின் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் வேண்டும். குளிர் காய்ச்சலோடு எரிச்சல் தோன்றினும், நீரில் இரத்தம் காணினும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். கடையில் தாமாக வாங்கியுண்ணும் சளி மாத்திரைகளுள் சில, சுரப்பி பருத்தவர்க்குத் திடீர் அடைப்பை விளைவிக்கும் என்பதையும் எடுத்துரைக்க வேண்டும்.

முதுமையைத் தடுக்க ஒருவராலும் இயலாது. ஆனால் முதுமையின் பெயரால் ஒருவர் சிறுநீரகத்தை இழப்பதைத் தடுத்தல் இயலும். அதற்கு முதற்படி, ஊழியர் கேட்கும் ஒரு வினாவேயாகும்.