பேயின் மொழி, பேயின் வழக்கு: ‘சந்திரமுகி 2’ குறித்து ஒரு மறுபரிசீலனை

2023 செப்டம்பர் இறுதியில் ‘சந்திரமுகி 2’ வெளியானபோது, பெங்களூருத் திரையரங்கு ஒன்றில் பார்த்துவிட்டு அன்றிரவே ஒரு பதிவு எழுதினேன். ரஜினிகாந்த் இல்லை, ஜோதிகா இல்லை, எஞ்சியிருப்பது ராகவா லாரன்ஸின் ‘காஞ்சனா’ வாய்பாடு மட்டுமே என்பது அதன் சாரம். நண்பர்கள் பலரும் ஆமோதித்தீர்கள். சென்ற வாரம் விடுதி அறையில் இரு பாகங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டாம் பாகம் நல்ல படமாகிவிடவில்லை. நகைச்சுவை இப்போதும் சலிப்பூட்டுகிறது. ஆனால் என் குற்றச்சாட்டு தவறானது. அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வேறொன்றை முன்வைக்கிறேன்.

முதல் பாகத்தின்போது உடனிருந்த தெலுங்குத் தோழி கேட்டாள்: “உங்கள் படத்தில் பேய்க்கு மட்டும் ஏன் எங்கள் மொழி?” “மலையாளத்தில் அந்தப் பேய் பேசுவது எங்கள் மொழி” என்று சிரித்தபடி பதில் சொன்னேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. மொழியியல் படித்த எனக்கு இந்தக் கேள்வி இத்தனை ஆண்டுகளாக எழவே இல்லை.

ஃபாசிலின் ‘மணிச்சித்ரதாழ்’ (1993) படத்தில் நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனப்பெண். பி. வாசு அக்கதையைக் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’வாக (2004) எடுத்தபோது அவள் தெலுங்கு பேசினாள். மறு ஆண்டு தமிழுக்கு வந்த சந்திரமுகியும் தெலுங்குப் பெண். இந்தி ‘பூல் புலையா’வின் (2007) மஞ்சுலிகா வங்காளி. எல்லாவற்றையும்விட வியப்பு: தமிழ்ச் ‘சந்திரமுகி’ தெலுங்கில் மொழிமாற்றம் செய்யப்பட்டபோது, அவள் ஆடும் பாடல் தமிழாயிற்று. கதை எந்த மொழிக்குச் சென்றாலும் பேய் அண்டை மொழிக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது.

இப்படங்களில் பேய் உண்மையில் இல்லை. பிளவுபட்ட ஆளுமை என்று மருத்துவர் விளக்குகிறார். எனவே அண்டை மொழி இங்கே நோய்க்குறி. வீட்டுப் பெண் வீட்டு மொழியைக் கைவிடும் கணமே அச்சத்தின் கணம். அவள் வீட்டு மொழிக்குத் திரும்புவதே குணம். காதலனையும் உயிரையும் பறிகொடுத்த நடனக்காரியின் முறையீட்டுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. ஒரு பொம்மையைப் பலிகொடுத்து அவளை ஏமாற்றி அனுப்பிவிடுகிறார்கள். திரைக்கு வெளியிலும் இதன் நிழல் விழுந்திருக்கிறது. ஷோபனாவுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த அப்பாத்திரத்தின் குரல் முழுவதும் பாக்கியலட்சுமியுடையது என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. நாகவல்லியின் தமிழைப் பேசியவர் துர்கா என்ற தமிழ்க் குரல் கலைஞர் என்பதை 2016இல்தான் ஃபாசில் தெளிவுபடுத்தினார்.

இனி ‘காஞ்சனா’வுக்கு (2011) வருவோம். அதில் பேய் நோயன்று, வாதி. நிலம் பறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட திருநங்கை தன் வழக்கைத் தானே சொல்கிறாள். படம் அதைக் கேட்கிறது. ‘சந்திரமுகி 2’ எடுத்துவைத்த துணிச்சலான ஒரே அடி, அந்த மரபில் சேர்ந்ததுதான். லட்சுமி மேனன் ஏற்ற, சக்கர நாற்காலியில் இருக்கும் திவ்யாவின் உடலில் வந்து பேசுவது உண்மையான சந்திரமுகி. அவள் சொல்வதை நோய் என்று எந்த மருத்துவரும் தள்ளிவிட முடியாது. ஐந்து படங்களை ஒரே கதையின் மேல் எடுத்த வாசுவுக்கு, நோய்க்குறியாக இருந்த மொழியைச் சாட்சியமாக மாற்றும் வாய்ப்பு முதன்முறையாகத் தமிழில் கிடைத்தது.

அந்த வாய்ப்பை அவர் வீணடித்தார் என்பதே என் புதிய குற்றச்சாட்டு. கங்கனா ரணாவத்துக்கென நீண்ட பின்கதை ஒன்றை எடுத்துவிட்டு, அதன் மையத்தில் வேட்டையனை அமர்த்தினார். அவன் யார், அந்தப் பட்டம் அவனுக்கு எப்படி வந்தது என்பதே கதையாயிற்று. சந்திரமுகி அவன் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சியாகச் சுருங்கினாள். படம் ‘காஞ்சனா’ ஆகிவிட்டது என்று ஏளனம் செய்தோம். உண்மையில் அது போதுமான அளவு ‘காஞ்சனா’ ஆகவில்லை.

உளவியல் விளக்கம் முற்போக்கானது, பேயை மெய்யாக்குவது பின்னடைவு என்று ஆய்வு நண்பர்கள் சொல்லக்கூடும். பேயை நம்பச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் ஒரு பெண் தன் கொலையைப் பற்றிப் பேசும்போது, அவள் பேசும் மொழியையே நோயின் சான்றாகக் கொள்ளும் பகுத்தறிவை நாம் ஒருமுறையேனும் விசாரித்திருக்க வேண்டாமா? லாரன்ஸ் ரஜினி ஆவாரா, கங்கனா ஜோதிகா ஆவாரா என்று நட்சத்திரக் கணக்குப் பார்த்ததில் ரசிகர் மன்றங்களுக்கும் நமக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

இந்த நகரத்தில் பேருந்தில் அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்பவள் நான். என் தோழியும் அப்படியே. யாரும் எங்களை அதட்டியதில்லை, ஆயினும் தாழ்த்திக்கொள்கிறோம். யாருடைய மொழி வீட்டுக்குரியது, யாருடையது பூட்டிய அறைக்குரியது என்ற பாடத்தை எங்கே கற்றோம் என்பதைத் தேடினால், முப்பது ஆண்டுகளாக நாம் ரசித்துவரும் இக்கதையும் அந்தப் பாடநூல்களில் ஒன்றாக இருக்கும். அடுத்த பாகம் வந்தால், யார் நடிக்கிறார்கள் என்று கேட்பதற்கு முன் பேய் எந்த மொழியில் பேசுகிறது, அதை யார் கேட்கிறார்கள் என்று கேட்போம்.